பூனை படுத்திருந்த இடம்

கல்லவேசி ஏரி இன்னும் உறையாத நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது தெரு.
வாசலில் காலணியைக் கழற்றியதும்
முதல் வேலை என் மூக்குக்குத்தான்.
கருவிகள் எல்லாம் பிறகு.

காப்பி வாசனை.
தேவைக்கு மேலேயே காப்பி வாசனை.
வீட்டை விற்கிறவர்கள்
நான் வரும் நாளில் இப்படித்தான் காய்ச்சுவார்கள்.

ஹில்க்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
வீடு எழுபத்து நான்கில் கட்டியது.
மண்மேல் வார்த்த காங்கிரீட்,
அதன்மேல் பைன் பலகை,
பலகைமேல் யாரோ ஒட்டிய லினோலியம்,
அதற்கும் மேலே, போன கோடையில் போட்ட
ஓக் மரம்போல் நடிக்கும் லேமினேட்.
"அழகுக்குத்தான் போட்டேன்" என்றாள்,
நான் கேட்பதற்கு முன்பே.

வாங்க வந்த இருவரும் சுவரோரம் நின்றார்கள்.
ஏரோவின் கையில் வங்கிக் கடிதம்.
விர்பிக்கு ஏழாம் மாதம்.

முட்டி போட்டு ஊர்ந்தேன்.
சுத்தியல் காம்பால் தட்டினால்
காய்ந்த பலகை உடனே பதில் சொல்லும்.
நனைந்தது கொஞ்சம் யோசிக்கும்.
சமையலறை பதில் சொன்னது.
படுக்கையறை பதில் சொன்னது.
ஜன்னலடியில் மட்டும் ஒரு முனகல்,
அது ஆணி தளர்ந்ததால்.
எண்கள் எல்லாம் அடக்கமாக இருந்தன.
ஏரோ மூச்சு விட்டது கேட்டது.

குளியலறைக்குப் போகும் நடையில்
குறுக்கே ஒரு சாம்பல் பூனை.
ருசினா என்று பெயராம்.
கருவியை அருகில் கொண்டுபோனேன்.
காதை மடக்கியது, நகரவில்லை.

"அது அவள் இடம்" என்றாள் ஹில்க்கா.
"நாலு வருஷமாக அங்கேதான்."
குளிர்காலத்திலா?
"எப்போதும்."
கோடையிலுமா?
கதகதப்புக் குழாய்களை மே மாதமே மூடிவிடுவீர்களே?

காப்பிக் கோப்பை தட்டில் இறங்கும் சத்தம்.

பூனையைத் தூக்கினேன்.
மணிக்கட்டில் மூன்று கோடு போட்டது.
அது கிடந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல்காரன் நெற்றி.

ஒரு பலகையைப் பெயர்த்தோம். லினோலியத்தைக் கிழித்தோம்.
வாளியில் மறந்த துணியின் நாற்றம்
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எட்டியது.
பைன் கறுத்திருந்தது.
ஊசிமுனை இறங்கியபோது
மரத்தில் குத்துவதாகத் தெரியவில்லை,
வேகாத அடையில் குத்துவதுபோல்.
கருவி எண் காட்டுவதை நிறுத்திவிட்டு
ஒரு கோடு மட்டும் காட்டியது.

நீர்மானியைப் பார்க்கப் போனேன்.
எல்லாக் குழாயும் மூடியிருக்க
சிவப்புச் சக்கரம் மட்டும்
தனக்குள் ஏதோ சொல்லிக்கொள்கிறவர்போல்
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.
சுடுநீர்க் குழாய். ஊசித்துளை அளவுதான் இருக்கும்.

ஏரோ கடிதத்தை நாலாக மடித்தான்.
விர்பி குனிய முடியாமல் குனிந்து
பூனையைத் தடவிவிட்டுப் போனாள்.
கார் வெளிச்சம் சுவரில் ஒருமுறை நகர்ந்து அணைந்தது.

நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள் ஹில்க்கா.
"அந்த வசந்தத்தில் மத்தி சொன்னான்.
நடந்து வந்தவன் இங்கே நின்றுவிட்டான், வெறுங்காலோடு.
'தரை சூடாக இருக்கிறது ஹில்க்கா' என்றான்.
அப்போது மார்ஃபின் கொடுத்துக்கொண்டிருந்தோம்.
ஆமாம் ஆமாம் என்று கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன்."

நான் படிவத்தை நிரப்பினேன்.
சேதம்: உண்டு. மூலம்: சுடுநீர்.
எப்படிக் கண்டறியப்பட்டது என்ற கட்டத்தில்
கருவியின் வரிசை எண்ணை எழுதினேன்.
பூனைக்கு அங்கே இடமில்லை,
மத்திக்கும்.

பிரதான வால்வின்மேல் கை வைத்தபோது கேட்டாள்:
"நாளைக்கு மூடலாமா?"

இருபத்திரண்டு வருடத்தில்
யாருக்கும் நான் அப்படி விட்டதில்லை.
ஒரு ராத்திரியில் எத்தனை லிட்டர் என்று
எனக்குக் கணக்குத் தெரியும்.

"ஏழு மணிக்கு வருகிறேன்" என்றேன்.

காலணியை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.
பெயர்த்த பலகைக்கு இந்தப் பக்கம் ருசினா.
அந்தப் பக்கம் அவள்,
காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.